பாறைத்தும்பை: ஒரு கூடை

ஜூன் 24, 2019, திங்கள்

காலைச் சர்க்கரை 218. கஞ்சி ஒரு டம்ளர், பயறு இரண்டு கரண்டி. இடது கால் பெருவிரல் புண் புளியங்கொட்டை அளவு. விளிம்பு வெளுத்திருக்கிறது.

நர்ஸ் ஷைனி சொல்லித்தான் இந்த நோட்டு. "சர்க்கரை, சாப்பாடு, புண், மூணையும் தினம் எழுதி வைங்க ஆன்ட்டி. டாக்டர் கேக்கும்போ கதை சொல்லாம நோட்ட நீட்டுங்க" என்றாள். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். மீதியைச் செபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டியே படித்துக்கொண்டேன். அணைக் குடியிருப்புச் சிற்றாலயத்தில் பத்தொன்பது வருஷம் பீடத்துக்குப் பூ வைத்தவள் நான். எந்த நாள் என்ன பூ, எவ்வளவு, யார் கொண்டுவந்தது, எத்தனை நாள் வாடாமல் நின்றது, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. 2006 ஆகஸ்டோடு அதை நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த மனிதர். முப்பது வருஷம் இரும்புப் படி ஏறி இறங்கிய கால். இன்று நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு வர என் தோள் வேண்டியிருக்கிறது.

ஜூன் 26, புதன்

சர்க்கரை 231. கஞ்சி முக்கால். தூறல். துணி காயவில்லை.

ஜூன் 29, சனி

சர்க்கரை 209. கஞ்சி ஒரு டம்ளர்.

தபாலில் ஒரு கடிதம். நல்லவேளை, முற்றத்தில் நான் நின்றேன். உறையின் பின்னால் என் மகள் ஜெசிக்குக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த சிவதாணு சாரின் பெயர். படிப்பதற்கு முன்பே அடுக்களைக்குள் போய்விட்டேன்.

'திருமதி எமரன்சியா அவர்களுக்கு' என்று எழுதியிருந்தார். ஜெசி 2005-இல் கொண்டுபோய்க் கொடுத்த செடிக்கு உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லையாம். எத்தனையோ ஊர்ப் புத்தகங்களையும் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். அந்தச் செடிக்கு இருக்கும் ஒரே சாட்சி கல்லூரி அலமாரியில் ஒட்டி வைத்த அந்தத் தாள். அதில் இரண்டு இலை, ஒரு பூ. காய் இல்லை, விதை இல்லை. காயைப் பார்க்காமல் இது தனி இனம் என்று எழுதினால் படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒக்கிப் புயலில் அந்தப் பாறை முழுவதும் சரிந்துவிட்டதாம். இரண்டு மழைக்காலம் போய்த் தேடினாராம். 'ஓர் இலைகூட இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். வீட்டில் பிள்ளையின் புத்தகத்துக்குள், தாளுக்குள் ஏதாவது காய்ந்தது இருக்குமா, வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை அரிசி டிரம்முக்குள் வைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

சர்க்கரை 240. கஞ்சி அரை. புண்ணில் நாற்றம் தொடங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர், மருந்து, புதுத் துணி.

இன்று முழுக்க அந்தப் பாறைதான் மனதில். குடியிருப்பிலிருந்து மேலே அரை மைல். மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக நிற்கும். எப்போதும் தண்ணீர் வடியும். கோடையில் வெறும் பாசி. ஜூன் மழை விழுந்ததும் பாறையோடு ஒட்டி இரண்டே இலை வரும். நடுவில் ஈர்க்குச்சி போல ஒரு தண்டு. ஆகஸ்டில் அதன் உச்சியில் வெள்ளைப் பூ, தொண்டையில் மட்டும் குங்குமப் புள்ளி போல ஒரு சிவப்பு, பின்னால் வளைந்த வால். மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்குச் சரியாகப் பூக்கும். வேறு எங்கும் நான் கண்டதில்லை. பாறைத்தும்பை என்று நான்தான் நோட்டில் எழுதினேன். தும்பை வேறு, இது காசித்தும்பைக் குடும்பம் என்று கல்லூரிக்குப் போன பிறகு ஜெசி திருத்தினாள். நான் மாற்றவில்லை.

வருஷத்துக்கு ஒரு கூடை. பத்தொன்பது கூடை. மற்ற பூ மூன்றாம் நாள் தலை சாயும். இது ஒரே நாள்தான் நிற்கும். இருந்தாலும் மாதாவின் காலடியில் வேறு பூ எனக்கு மனசு வராது.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏட்டி, என்ன மிண்டாம இருக்க?"

"துணி காயல்ல" என்றேன்.

ஜூலை 5, முதல் வெள்ளி

சர்க்கரை 226. கஞ்சி முக்கால்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம் இரண்டு முறை, சின்னப் பொய் மூன்று, செபமாலையில் பராக்கு நான்கு நாள். எண்ணித்தான் சொல்வேன். ஃபாதர் புதியவர், சின்ன வயசு. "எல்லாரும் உங்கள மாதிரி கணக்கா வந்தா எனக்கு வேலை லேசு" என்று சிரித்தார்.

ஜூலை 9, செவ்வாய்

சர்க்கரை 214.

பதினொரு மணிக்குச் சார் வந்தேவிட்டார். நான் பதில் போடாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. மழைக்குள் கேட்டுக்கு வெளியே நின்று, "ததேயு அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம்" என்றார். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

முன்னறைக் கட்டிலிலிருந்து இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"ஆருடே அண்ணாச்சி? எனக்க பிள்ளைய மலைல ஏத்திக் கொன்னவனுக்கு நான் அண்ணாச்சியா?"

"நான் உள்ள வரல்ல. இஞ்ச நிண்ணே சொல்லிட்டுப் போறேன்."

"என்னத்தச் சொல்லுவ? காய் வேணும், இல வேணும்னு சொல்லுவ. அண்ணைக்குக் கல்லறைத் தோட்டத்தில ஒரு அடிதான் அடிச்சேன். பாக்கி இருக்கு. காலு இல்லேண்ணு நெனைக்காத, கையி இருக்கு."

சார் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். "போங்க சார்" என்றேன்.

மத்தியானம் இவர் ஒன்றரை டம்ளர் கஞ்சி குடித்தார். மீனும் கேட்டார். இந்த நோட்டில் இதுவரை எழுதியதில் இதுதான் அதிகம்.

ஜூலை 10, புதன்

சர்க்கரை 219. கஞ்சி ஒன்றேகால். நேற்றுப் பேசியதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார். புண்ணைக் கழுவும்போது வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சர்க்கரை 233. கஞ்சி ஒரு டம்ளர்.

பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வளாகத்து அயனிமரத்தடியில் சிவதாணு சார். நெற்றியில் திருநீற்றோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிற்கிறார். அவருக்கு எந்தக் கோயிலானாலும் ஒன்றுதான் போல.

"பேசக் கூடாதுண்ணா போயிருகேன் அம்மா."

நான் போகவில்லை. போனில் தாளின் படத்தைக் காட்டினார். வெள்ளை அட்டையில் இரண்டு இலை. பூ கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. வால் மட்டும் தெரிகிறது. கீழே மூலையில் ஒட்டிய சீட்டில் ஜெசியின் கையெழுத்து. விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

'இடம்: மாதா கெபிக்குப் பின்னால், நீர் வடியும் பாறை. நாள்: 13.8.2005. எண்ணிக்கை: முப்பத்தொரு செடிகள். உள்ளூர்ப் பயன்: பீட அலங்காரம் (அம்மா).'

அந்த அடைப்புக்குறிக்குள் நான் இருக்கிறேன். பதினான்கு வருஷமாக ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்திருக்கிறேன்.

"இத வச்சித்தான் கேக்கேன்" என்றார். "நீங்க பூக்கணக்கு ஒண்ணு எழுதுவியன்னு ஜெசிந்தா சொல்லியிருக்கா. எந்தெந்த வருசம் எந்தத் தேதில பூத்துதுண்ணு அதில இருக்குமே. உலகத்தில இந்தச் செடியப் பத்தி வேற ஒரு வரி எழுத்து கெடையாது அம்மா. அந்த நோட்டு இருக்கா?"

"தேடிப் பாக்கணும் சார்."

அவர் மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான்தான் அவட்ட சொன்னேன். அடுத்த சீசன்ல காயோட கொண்டா பிள்ளேண்ணு. அந்த ஒரு வாக்கு. அதுக்கப்புறம் நான் எந்தப் பிள்ளையையும் மலைக்குக் கூட்டிட்டுப் போகல்ல. விசாரணை வச்சாங்க, பதவி உயர்வு நிண்ணுது, அதெல்லாம் செரி. வருசாவருசம் ஆகஸ்டு மாசம் எனக்க மேல நடவடிக்கை எடுக்கணும்ணு அண்ணாச்சிக்க மனு காலேஜுக்கு வந்திரும். முத்து முத்தா எழுத்து. ஆரோ வக்கீல் குமாஸ்தா எழுதுகதுண்ணு நெனைப்பேன். தப்பா நெனைக்காதிங்க, பிழையே இல்லாம இருக்கும்."

"குடையப் பிடிங்க சார், தூறுது" என்றேன்.

வீடு வரும்வரை செபமாலை சொன்னேன். எத்தனையாவது மணியில் நின்றேன் என்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

சர்க்கரை 228. கஞ்சி முக்கால்.

நேற்று எழுதாமல் விட்டது: மனுக்களை எழுதுவது நான்தான். வீட்டுக்காரர் சொல்வார், நான் எழுதுவேன். பதின்மூன்று மனு. அவருக்குக் கை நடுங்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஜூலை 17, புதன்

சர்க்கரை 245. கஞ்சி அரை. புண் கொட்டைப்பாக்கு அளவு.

அவர் தூங்கிய பிறகு மத்தியானம் பழைய செபப்புத்தகத்தை எடுத்தேன். வியாகுல மாதா செபம் உள்ள பக்கம். அங்கேதான் இருக்கிறது. ஒரு தண்டு, உச்சியில் ஒரு பூ, அதற்குக் கீழே காய் இருந்த இடத்தில் சுருண்ட தோல். அவளை இறக்கிக் கொண்டுவந்து கிடத்தியபோது வலது கை மூடியிருந்தது. குளிப்பாட்டும்போது விரல்களை நான்தான் விரித்தேன். தண்ணீரில் போக விடாமல் ஈரத்தோடு இந்தப் பக்கத்தில் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். 'கண்டியா, அவன் கேட்ட சாதனம்' என்று அப்போதுதான் கத்தத் தொடங்கினார்.

இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பக்கம் முழுக்கக் கறைப்புள்ளிகள்.

ஒவ்வொரு ஆகஸ்டு பதினான்காம் தேதியும் இந்தப் பக்கத்தைத் திறப்பேன். கடுகில் பாதி அளவில் கரிய பொடி அங்கங்கே ஒட்டியிருக்கும். பூச்சி எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்து, முற்றத்தில் உதறுவேன். புனிதமான புத்தகத்தில் எச்சம் இருக்கலாமா என்று.

அது விதை. காய் புத்தகத்துக்குள்ளேயே வெடித்திருக்கிறது. காசித்தும்பைக் காய் தொட்டால் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஏழு வயசில் ஜெசி அதை என் கன்னத்தில் வைத்து வெடிக்கவிட்டுச் சிரிப்பாள். பதின்மூன்று வருஷம் சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

தையல் நூல் ஓரத்தில் ஈர்க்குச்சியால் கிளறினேன். மூன்று கிடைத்தன. தீர்த்தக் குப்பியின் மூடியில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

சர்க்கரை 238. கஞ்சி அரை. மாத்திரையை ஒரு வேளை மறந்தேன்.

ஜூலை 22, திங்கள்

சர்க்கரை 261.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். பெருவிரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதம் போகும் என்றார். ஆகஸ்டு எட்டு தேதி கொடுத்தார்.

பஸ்ஸில் இவர் என் காதில், "வெரலுதானே, போட்டு. அதுக்கு முன்ன மனுவ எழுதணும். அவன் மே மாசம் ரிட்டயர் ஆவுகானாம். இது கடைசி. நல்லா, மனசில தைக்கது மாதிரி எழுது, என்னா?" என்றார்.

"எழுதலாம்" என்றேன்.

"நான் போனா எனக்க பெட்டிக்குள்ள ஒரு நகல் வையி. ஆண்டவருக்க சந்நிதில நான் வாசிக்கணும்."

ஜூலை 27, சனி

சர்க்கரை 250. கஞ்சி அரை.

பூக்கணக்கு நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதியைச் சாரிடம் கொடுக்கலாம் என்றுதான் எடுத்தேன். இரண்டு விரலால் பிடித்தும் விட்டேன். முடியவில்லை. கணக்கு நோட்டில் ஒரு தாள் போனால் எதிர்ப்பக்கத் தாளும் கழன்றுவரும். அது 1999-ஆம் வருஷத்துப் பூக்கணக்கு.

சரி, எழுதுகிறேன். யாரும் படிக்காத நோட்டு, டாக்டரைத் தவிர. இந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துக்கொள்ளலாம்.

14.8.2006, திங்கள். அன்று அவள் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவள். மறுநாள் விடுமுறைதானே, இன்றைக்கும் லீவு போடு என்று நிறுத்தியவள் நான். மூன்று நாளாக மழை. மத்தியானம் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"அம்மா, பாறை வழுக்கும். செவ்வந்தி வாங்கியாச்சுல்லா, அது போதும்."

"மாதாவுக்குக் கடைப்பூவா வைக்கச் சொல்லுக?"

"மொத்தமே முப்பத்தொண்ணுதான் இருக்கும்மா. நீ எல்லா வருசமும் பூவ மொட்டை அடிக்க. பிறவு காய் எப்பிடி வரும்? சார் காயிக்குக் கெஞ்சுகாரு."

"ஒனக்க சாரு பெருசா, மாதா பெருசா?"

கூடையைத் தலையில் குல்லா மாதிரி கவிழ்த்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம்" என்று சிரித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அவள் படி இறங்கியதும் நான் நோட்டில் எழுதினேன். வரும் முன்பே எழுதினேன், மறந்துவிடக் கூடாது என்று. 'பாறைத்தும்பை, ஒரு கூடை. ஜெசி கொண்டுவந்தது.'

கொண்டுவரவில்லை.

அவள் திரும்பாததால் பாறையடிக்கு முதலில் ஓடிப்போனதும் நான்தான்; வழுக்கி விழுந்து கிடந்தாள். அவளுக்கு நான்கடி தள்ளிக் கூடை கிடந்தது, பாதி பூவோடு. ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. நான் ஏன் அதை எடுத்து முந்தானைக்குள் வைத்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைத் தொடும் முன்பு கூடையைத் தொட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தேன். ஈரக் கூடை, புகைந்து புகைந்துதான் எரிந்தது.

அந்த நாளில் கூடை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் இருந்த காயை மட்டும்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆகஸ்டு 2, முதல் வெள்ளி

சர்க்கரை 247. கஞ்சி அரை.

"பொய் சொன்னேன் ஃபாதர்."

"எத்தன?"

"பதிமூணு. எழுத்துல."

முழுவதையும் சொன்னேன். சல்லடைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். பிறகு, "அந்தச் சார்ட்ட சொல்லியாச்சா?" என்றார்.

"இல்ல."

"வீட்டுக்காரர்ட்ட?"

"இல்ல."

"அம்மா, இப்ப நான் பாவமன்னிப்பு தரல்ல. அந்த மனுசன் இண்ணும் அதச் சுமந்துட்டு நடக்காரு. மொதல்ல அங்க போங்க. பிறவு வாங்க, நான் இஞ்சதான் இருப்பேன்."

அறுபத்தாறு வயசில் முதல் தடவையாக நற்கருணை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், "என்ன, வாயில வெத்திலையா?" என்று கேட்டாள்.

ஆகஸ்டு 5, திங்கள்

சர்க்கரை 239. காலைக் கஞ்சி முக்கால்.

சாரை நான்தான் போனில் வரச்சொன்னேன். அவரிடம் தனியாக, அடுக்களைப் பக்கம் வைத்துச் சொல்லலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அப்படிச் சொன்னால் அது பாதிதான். ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டாம் என்றும் நினைத்தேன். அதற்குப் பின்னால் என்றால் மனு போய்விடும்.

இவர் காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கி என் மடியில் வைத்திருந்தார். "எழுது. மதிப்பிற்குரிய..." என்று தொடங்கும்போது கேட் சத்தம். சார் உள்ளே வந்து வாசல்படியில் நின்றார். இவர் கத்தினார். நான் தடுக்கவில்லை. கத்தி முடித்து மூச்சு வாங்கியபோது பூக்கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். தேதி, பூ, அளவு, யார். பிறகு அதில் எழுதாததையும் சொன்னேன்.

சார் கையை நீட்டி நோட்டை வாங்கினார். பக்கத்தைப் பார்த்தார். என் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மதிப்பிற்குரிய என்ற ஒரு வார்த்தைதான் அதில் இருந்தது. அது போதும் அவருக்கு.

"நீங்களா அம்மா எழுதினது" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்போ கூடை உண்டும்."

"உண்டும்."

"எங்க?"

"அடுப்பில வச்சேன்."

"எப்போ?"

"ஆளுகள் வந்து நிறையும்போ."

"அந்த அடுப்பிலயா வந்தவங்களுக்குக் கட்டங்காப்பி போட்ட?"

"ஆமா."

"நானும் குடிச்சனா?"

"குடிச்சிய."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்புவதற்கு என் தோளைக் கேட்கவில்லை.

சார் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "கையில காய் இருந்துதுல்லா அம்மா" என்றார். "பூவு உங்களுக்கு. காய் எனக்குத்தான் எடுத்திருக்கா. அது மாறாதே." அதைச் சொல்லும்போது அவர் முகம் இளகவில்லை. பதின்மூன்று வருஷம் சுமந்ததைக் கீழே வைக்க அவருக்கும் தெரியவில்லை.

மூடியிலிருந்த மூன்று விதைகளைக் காட்டினேன். தொடாமல் குனிந்து பார்த்தார். "முளைக்குமா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இத்தன வருசம் ஆயாச்சு. முளைக்காது."

ஆகஸ்டு 6, செவ்வாய்

சர்க்கரை பார்க்க விரல் தரவில்லை. கஞ்சி இல்லை.

ஆகஸ்டு 7, புதன்

கஞ்சி இல்லை. தண்ணீர், அவரே எழுந்து சுவரைப் பிடித்துப் போய்க் குடித்தார். புண்ணில் ரத்தம். துணி கட்ட விடவில்லை. அவருடைய தங்கை மார்த்தாளுக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்டு 8, வியாழன்

விரலை எடுத்தார்கள். கையெழுத்துப் போட என்னை விடாமல் மார்த்தாளைப் போடச் சொன்னார்.

ஆகஸ்டு 12, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. சர்க்கரை 190 என்று மார்த்தாள் சொன்னாள். கஞ்சி ஒரு டம்ளர், அவள் கையால். "மைனி, எனக்க அண்ணன் ஒங்க பேரு சொன்னா மொகத்த மூடுகாரு. என்ன நடந்துது?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு அவளும் பாத்திரங்களைத் தனியாகக் கழுவத் தொடங்கினாள்.

ஆகஸ்டு 14, புதன்

சர்க்கரை 184. கஞ்சி ஒரு டம்ளர், மார்த்தாள் கொடுத்தது.

சாரை வரச்சொல்லி இவரே மார்த்தாளிடம் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு வந்தார். இவர் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தார்.

"சாரே, அண்ணைக்கு அடிச்சது இந்தக் கையாக்கும்."

"அது பழைய கதையில்லியா அண்ணாச்சி."

"பழசு இல்ல. வருசாவருசம் புதுக்கிட்டுல்லா இருந்தேன்."

சார் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களை நிலையில் நின்றேன். இவர் என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு சாப்பாட்டு மேசையில் வைத்துச் சார் வேலையைத் தொடங்கினார். தண்டைச் செபப்புத்தகத்தின் பக்கத்திலிருந்து கத்தி முனையால் எடுத்தார். வியாகுல மாதா செபத்தின் நான்கு வரிகளின் மேல் பூவின் உரு பழுப்பாக நின்றுவிட்டது. விதைகளைச் சின்னக் காகித உறைக்குள் போட்டார். இரண்டு போதும், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். என்னிடம் இருந்தால் நான் துடைத்துவிடுவேன்.

"செடிக்குப் பிள்ளைக்க பேர வைக்கலாம்ணு இருக்கேன்" என்றார். கட்டிலில் இவர் கண்ணை மூடினார். இனி யார் அந்தச் செடியின் பெயரைச் சொன்னாலும், அவளை அந்தப் பாறையில் திரும்ப ஏற்றுவார்கள். அந்தப் பாறையும் இல்லை, செடியும் இல்லை.

சீட்டு எழுத என்னிடமே பேனாவைக் கொடுத்தார். எழுத்து நன்றாக இருக்கும் என்பதாலா என்று கேட்கவில்லை. இடம், நாள் எழுதினேன். சேகரித்தவர்: ஜெசிந்தா. உள்ளூர்ப் பயன் என்ற இடம் வந்தது. முன்பு அவள் எழுதியதையே எழுதினேன், பீட அலங்காரம். அடைப்புக்குறிக்குள் அம்மா.

"அனுப்பியது ஆருண்ணு எழுத எடம் உண்டா சார்?"

"சீட்டுல அப்பிடி ஒண்ணு கெடையாதம்மா."

அதனால் பூக்கணக்கு நோட்டைத் திறந்தேன். அதுவும் தாளோடு சேர்ந்து அலமாரிக்குள் போகிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்களாம். 14.8.2006-இல் 'ஜெசி கொண்டுவந்தது' என்பதன் மேல் ஒரே கோடு போட்டேன், அடித்தது என்ன என்று தெரியும்படி. பக்கத்தில் எழுதினேன்: 'வரவில்லை. மழையில் அனுப்பியது நான். கூடையை எரித்ததும் நான். எமரன்சியா, 14.8.2019.'

சார் வாசித்துவிட்டு, மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தார்.

ஆகஸ்டு 15, வியாழன், மாதாவின் விண்ணேற்பு

காலைப் பூசைக்குப் போனேன். ஃபாதர் பாவமன்னிப்புக் கொடுத்தார், தண்டனையாக ஒரு செபமாலை. ஒன்றே ஒன்றுதானா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார்.

மார்த்தாள் காலையில் ஊருக்குப் போய்விட்டாள்.

சர்க்கரை 196. குத்துவதற்கு விரலை நீட்டினார். முகம் சுவரைப் பார்த்துத்தான்.

கஞ்சியை நீட்டினேன். வாங்கவில்லை. ஸ்டூலில் வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தேன். டம்ளர் ஸ்டூலில் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

கஞ்சி: அரை டம்ளர்.

வீட்டு மாதா படத்துக்குப் பூ: இல்லை.